காற்றடிக்க ஆறு கிலோமீட்டர்

பெரம்பலூர் பக்கம் கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் போடும் விவசாயி அவர். சொந்த நிலம் 3 ஏக்கர்தான். மற்ற நாட்களில் பழைய டிராக்டரை வைத்து ஊராருக்கு வாடகை உழவு. போன ஆவணியில் மழை பெய்து, ஈரம் உழவுக்குப் பக்குவமாக இருந்த நாளில், முன் டயரில் சீமைக்கருவேல முள் ஏறிவிட்டது. பஞ்சர் கடை 6 கிலோமீட்டர். காற்று மெதுவாகத்தானே இறங்குகிறது என்று ஓட்டிப் போனார். பாதி வழியில் டயர் சப்பையாகி, உள்ளே டியூப் சுழன்று, வால்வு அடியோடு பிய்ந்தது. புது டியூப் மாட்டித் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. உழவு சொல்லியிருந்த 2 பேரும் வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஈரம் யாருக்காகவும் காத்திருக்காது, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

“ஏங்க, காத்தடிக்கிற மிஷின் ஒண்ணு வாங்கி வண்டியிலயே போட்டுக்கக் கூடாதா?” என்றார் மனைவி.

பெட்டியில் ‘150 பி.எஸ்.ஐ.’ என்று பெரிதாகப் போட்டிருந்த கார் மிஷினை 1,400 ரூபாய்க்கு வாங்கினார். முன் டயருக்கு ஒப்பேற்றியது. பின் டயரில் கால் மணி நேரம் ஓடி, கை வைக்க முடியாமல் சூடாகி நின்றது.

பச்சைமலையில் மரவள்ளி ஏற்றும் ஜீப் ஓட்டுகிற மச்சினன் வந்து பார்த்துவிட்டு, “மாமா, அந்த 150-ஐ விடுங்க. நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காத்து தள்ளும்னு பாருங்க” என்றார்.

விஷயம் அதுதான். டிராக்டரின் பின் டயருக்கு வயலில் பெரும்பாலும் 12 முதல் 18 பவுண்டு போதும். ஆனால் 13.6-28 அளவு டயரின் கொள்ளளவு சுமார் 200 லிட்டர். அழுத்தத்தை 15 பவுண்டு கூட்ட, இன்னொரு 200 லிட்டர் காற்றை உள்ளே தள்ள வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் தள்ளும் மிஷின் அதற்குள் மூச்சு வாங்கிவிடும். நிறுத்தாமல் எத்தனை நிமிடம் ஓட்டலாம் என்பதையும் கடையில் கேட்டாக வேண்டும்.

அடுத்து அவர் வாங்கியது, 70 லிட்டர் என்று போட்ட, இரட்டை சிலிண்டர் உள்ள இரும்பு உடம்பு மிஷின். விலை முதல் மிஷினைப் போல மூன்று மடங்கு. இழுக்கும் கரண்ட் அதிகம் என்பதால் பேட்டரியிலேயே நேரடியாக கிளிப் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டுத்தான் காற்றடிக்கிறார். அதில் இருந்த மீட்டரில் 12-க்கும் 18-க்கும் நடுவில் நூலிழை இடைவெளிதான். அதனால் குறைந்த அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கிக்கொண்டார். வீண் செலவில்லை.

உண்மையான லாபம் பஞ்சரில் இல்லை. முன்பெல்லாம் ரோட்டில் டிரெய்லர் இழுக்க வேண்டுமே என்று வருஷம் முழுக்கப் பின் டயரை விறைப்பாகவே வைத்திருந்தார். காட்டில் சக்கரம் வழுக்கும், டீசல் குடிக்கும், மண்ணும் இறுகும். இப்போது உழவுக்கு வண்டிப் புத்தகம் சொல்லும் குறைந்த அளவுக்கு இறக்குகிறார். ரோட்டுக்கு வரும்போது ஏற்றிக்கொள்கிறார். மச்சினன் மலைச் சேற்றில் வருஷக்கணக்காகச் செய்கிற வேலைதான் இது.

டயரில் தண்ணீர் ஏற்றியிருப்பவர்கள் மட்டும் வால்வு உச்சியில் வரும்படி சக்கரத்தை நிறுத்திவிட்டு ஹோஸை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பீய்ச்சி மீட்டர் கெடும். இவர் ஒரு மீட்டரை அப்படித்தான் கெடுத்தார்.