மீனா, வழியா?

மாரண்டஹள்ளிக்காரனாகிய எனக்குக் கடலை நன்றாகத் தெரியும். ஆனால் அது வறுத்துத் தின்கிற கடலை! அலையடிக்கிற கடலைப் பற்றி என்னிடம் யோசனை கேட்டவர், நாகப்பட்டினத்திலுள்ள என் கல்லூரித் தோழர். அவரைப் பார்க்கப் போயிருந்தேன். அவருடைய சிறு பைபர் படகுக்கு ஒரு கருவி வாங்கத்தான் கையில் பணம் இருந்தது. மீனைக் காட்டும் எக்கோ சவுண்டரா, வழியைக் காட்டும் ஜி.பி.எஸ்.ஸா?

முன்னது ஓசையைக் கீழே அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணக்கிடுகிறது. கடல் நீரில் ஓசை விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். பத்தில் ஒரு விநாடியில் திரும்பினால் ஆழம் 75 மீட்டர். இடையே மீன் கூட்டம் இருந்தால் அதுவும் திரையில் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் கிணறு வெட்டுமுன் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பார்கள். மீனோட்டம் பார்க்கும் தேங்காய் கிடைத்தால் விடலாமா? "இதையே வாங்குங்கள்" என்றேன்.

கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். கரையிலுள்ள கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் அடையாளம் வைத்துத் தொழில் செய்த தலைமுறை அது.

"மீன் இல்லேன்னா வெறுங்கையோட வீட்டுக்கு வரலாம், தம்பி. வழி தெரியலேன்னா மீனோடயும் வர முடியாதே!"

1974, 1976 ஒப்பந்தங்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே வகுத்த எல்லைக்கோட்டுக்குக் கடலில் வேலி ஏது? அதைத் தாண்டிச் சிறைப்பட்டவர்களின் வீடுகள் அந்தக் கரையில் உண்டு.

தோழர் ஜி.பி.எஸ். வாங்கினார். முதல் தடவை அதனோடு போய்ப் படகு திரும்பிய விடியற்காலையில் நானும் கரையில் நின்றேன். அவர் மனைவி மீன் கூடையைப் பார்க்கவில்லை. இறங்கிய ஆட்களை எண்ணினார்.