பாட்டியின் மாலைக்கு ஒரு மணி

துணியில் முடிந்து கொண்டுவந்த மணிகளைப் பையன் பலகைமேல் அவிழ்த்தான். உருண்டோடிவிடாதபடி தச்சர் இரண்டு கையையும் குறுக்கே வைத்து மறித்தார். விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறிய மணிகள். நூல் அறுந்திருந்தது, ஒரு மணி எங்கோ தொலைந்தும்விட்டது.

வித்துராவிலிருந்து போணக்காடு போகும் சாலையோரம், தகரக்கூரை போட்ட திண்ணை அது. மழைக்கு ஒதுங்கி ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தச்சருக்கு எழுபது தாண்டியிருக்கும். மேலே தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பம். தோட்டம் முடங்கிய பிறகு கீழே இறங்கி வந்தவர், நாற்காலிக் கால், கதவுத் தாழ்ப்பாள் என்று வந்த வேலையைச் செய்கிறார். பையன் லடாக்குக்காரன், மருதாமலையில் இருக்கும் ஐசர் கல்வி நிறுவனத்தில் படிக்கிறான். மலையாளம் அவனுக்கு அரைகுறை. இந்தி இவருக்குச் சுத்தமாக வராது. மாலை அவன் பாட்டியுடையது என்பது மட்டும் கைஜாடையிலேயே விளங்கிவிட்டது.

தச்சர் ஒரு மணியை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணருகே வைத்துப் பார்த்தார். நகத்தால் கீறினார். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார்.

"குடைப்பனைக் கொட்டை மோனே இது. நம்ம ஊரு சாதனம்."

பையன் நம்பவில்லை. புத்தர் ஞானம் பெற்ற மரத்தின் விதை என்றுதான் வீட்டில் சொல்வார்களாம். அவனைக் குறை சொல்ல முடியாது. உலகம் முழுக்க அப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். ஆனால் அரச விதை கடுகைவிடச் சிறியது, அதில் எந்த ஊசியும் நுழையாது. நேபாளத்தின் திமால் பகுதியில் விளைந்து பெரும் விலைக்குப் போகும் போதிச்சித்த மணி ஒரு காட்டு இலந்தை இனத்தின் கொட்டை; தாவரவியலாளர்கள் அதற்குத் தனிப்பெயர் வைத்ததே 2015இல்தான். புள்ளியும் வட்டமுமாகச் சீனர்கள் விரும்பி வாங்கும் மணி பிரம்புக்கொடியின் விதை. சீனக் கடைகளில் 'போதி வேர்' என்று அடுக்கியிருக்கும் வெள்ளை மணிதான் தச்சரின் டின்னில் இருந்த குடைப்பனை விதை.

இந்தப் பனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது. முப்பது ஆண்டு, சில சமயம் எண்பது ஆண்டுகூட, பூக்காமல் நிற்கும். ஓர் இலை ஐந்து மீட்டர் வரை விரியும். குடைக்கும் கூரைக்கும் அந்த ஓலைதான். திடீரென ஒரு வருஷம் உச்சியில் ஆறேழு மீட்டர் உயரத்துக்கு ஒரே பூங்கொத்து, அதில் லட்சக்கணக்கான பூக்கள். காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருஷம். சேர்த்துவைத்த அத்தனையையும் காய்க்குக் கொடுத்துவிட்டு மரம் பட்டுப்போகும். இலங்கையில் பௌத்தச் சுவடிகள் எழுதப்பட்டதும் இதே பனையின் ஓலையில். கி.மு. முதல் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், மாத்தளை அலுவிகாரையில் பாலித் திரிபிடகத்தை முதன்முதலாக எழுத்தில் வடித்தார்கள் என்பது அங்குள்ள மரபு. தம்மத்தை எழுத ஓலையும் அதை எண்ண விதையும் ஒரே மரம் தந்திருக்கிறது. இங்கே அந்த விதை சாலையோரத்தில் உதிர்ந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்குகிறது. பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை.

தச்சர் டின்னைக் கிளறினார். மஞ்சாடி, நெற்பவளம், கறுப்பாக மின்னும் பூந்திக்கொட்டை விதை, எல்லாம் கலந்து கிடந்தன. நெற்பவளத்துக்குத் துளை போடவே வேண்டாம். காம்பை உருவினால் நூல் நுழையும். பூந்திக்கொட்டையின் கதை இன்னும் பழையது. சீன மொழியில் எஞ்சியிருக்கும் ஒரு சூத்திரத்தில், நாட்டில் பஞ்சமும் நோயும் தீராமல் கலங்கிய அரசன் ஒருவனுக்குப் புத்தர் சொல்லும் வழி இது: பூந்திக்கொட்டை விதை நூற்றெட்டைக் கோத்து எப்போதும் உடன் வைத்துக்கொள். நம் வீட்டில் பட்டுப்புடவை அலசவும் நகை கழுவவும் வைத்திருக்கும் அதே இனத்துக் கொட்டை! குந்துமணி மட்டும் தனிக் குப்பியில், மூடி இறுக்கி இருந்தது. அதை அவர் துளைப்பதில்லை. உள்ளே இருப்பது விஷம். தூள் மூக்கில் ஏறினால் ஆளையே சாய்த்துவிடும்.

குடைப்பனை விதை பெரிய கோலிக்குண்டு அளவு. பாட்டியின் மணியோ அதில் பாதிகூட இல்லை. சின்ன வாளால் நான்கு பக்கமும் சீவி, அரத்தால் மூலைகளை மழுக்கினார். உள்ளே தந்தம் கெட்டது, அப்படி ஒரு வெள்ளை. பிறகு குழி தோண்டிய கட்டையில் அதை இறுக்கி, துறப்பணத்தை எடுத்தார். சுவரில் மின்சார டிரில் தொங்குவதைப் பையன் காட்டினான்.

"அது சூடேத்தும், கொட்டை வெடிச்சுப்போகும்."

வில்லை முன்னும் பின்னும் இழுக்க, துறப்பண முனையைச் சுற்றி வெள்ளைத் தூள் சேர்ந்தது. ஊதிவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். பாதிவரை துளைத்ததும் விதையைத் திருப்பி மறுபக்கம் தொடங்கினார். ஒரே பக்கமாகத் துளைத்தால் வெளியேறும் இடத்தில் சில்லு பெயரும். இரண்டு துளையும் நடுவே சந்தித்த கணத்தில் வில்லின் ஓசை மாறியது. கை தானாக நின்றது. முனையை உருவி, துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பையனையும் பார்க்கச் சொன்னார். நேர்கோடு.

உப்புத்தாளில் உருட்டித் தேய்க்கும் வேலையை அவனிடம் கொடுத்துவிட்டார். நல்ல காரியம் செய்தார்.

அவன் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் கிழக்கே பார்த்தேன். மழை மறைத்த பக்கத்தில் 1868 மீட்டர் உயரத்தில் அகத்தியர்கூடம். பௌத்தர்கள் அவலோகிதேசுவரர் வீற்றிருப்பதாகச் சொல்லும் போதலக மலை இந்தப் பொதிகைதான் என்று ஷூ ஹிகொசகா போன்ற ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் தென்னாட்டைப் பற்றி எழுதிய சுவான்சாங், மலய மலைக்குப் பக்கத்தில் அதை வைக்கிறார். அகத்தியர் தமிழ் கேட்டதே அவலோகிதரிடம் என்கிறது வீரசோழியம். லாசாவின் போதாலா அரண்மனை பெயர் எடுத்தது அந்த மலையிலிருந்து. நான்கு கைகளோடு வடிக்கும் அவலோகிதரின் ஒரு கையில் தாமரை, ஒரு கையில் ஜெபமாலை. லடாக்கில் ஒரு பாட்டி மணி தள்ளித் தள்ளிச் சொல்வது பெரும்பாலும் அவருடைய ஆறெழுத்து மந்திரமாகத்தான் இருக்கும். அந்த மாலை அறுந்து வந்து சேர்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள்! இதைப் பையனிடம் சொல்ல நாக்கு துடித்தது. அவன் தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தான். கெடுக்க மனம் வரவில்லை.

புது மணி பளீரென்று இருந்தது. தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து நிறம் ஏற்றலாமா என்று அவன் கேட்டான். தச்சர் யோசித்தார், வேண்டாம் என்று தலையசைத்தார். சாயம் துளை வழியே ஏறித் திட்டுத்திட்டாக நிற்கும். பாட்டியின் விரலெண்ணெயும் வியர்வையும் பட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் மஞ்சளித்துப் பிறகு பழுப்பாகிவிடும்.

கோக்க ஆரம்பித்தார்கள். ஐம்புலனும் மனமும் சேர்ந்து ஆறு, இன்பம், துன்பம், இரண்டுமற்றது என மூன்று, பற்றுடன், பற்றின்றி என இரண்டு, காலம் மூன்று. பெருக்கினால் 108. பௌத்தர்கள் சொல்லும் கணக்குகளில் இது ஒன்று. தச்சர் தமிழில் எண்ண, பையன் உதட்டுக்குள் தன் மொழியில் எண்ணினான். முடிவில் தச்சருக்கு நூற்றேழு, பையனுக்கு நூற்றெட்டு. மறுபடி எண்ணினார்கள். இந்த முறை இருவருக்குமே நூற்றேழு.

கட்டன் சாயா கொண்டுவந்த மருமகள் தட்டைக் கீழே வைத்தாள். "மாமா, காலைக் கொஞ்சம் தூக்குங்க." மரச்சுருளுக்குள் கிடந்தது மணி.

தலைமணியையும், வெள்ளி வளையங்கள் பத்துப் பத்தாகக் கோத்த இரண்டு குஞ்சங்களையும் பையன் தானே கட்டினான். ஒரு சுற்று முடிந்தால் ஒரு குஞ்சத்தில் ஒரு வளையம். அதில் பத்தும் தீர்ந்தால் அடுத்த குஞ்சத்தில் ஒன்று. தச்சர் அந்த ஏற்பாட்டை இரண்டு தரம் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"எத்தனை ரூபா, அப்பூப்பா?"

"நூறு."

கொடுத்தான். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தொளிக்கோடு போகும் வழியில் ஒரு குடைப்பனை இந்த மாசம் பூத்திருப்பதைச் சொன்னார். அடுத்த வருஷம் காய் உதிரும். சாக்கு கொண்டுவந்து பொறுக்கிக்கொள்ளலாம். அதற்குள் தன் படிப்பு முடிந்துவிடும் என்றான் பையன். கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பனை சரியாக எந்த வளைவில் நிற்கிறது என்று கேட்டு, போனில் குறித்துக்கொண்டான்.