எழுத்து சொல்லாத அளவு

பிப்ரவரி 11

ஈஸ்ட்ரோஜன் தொடங்கியதிலிருந்து மனம் வேறு எதிலும் நிற்பதில்லை. எந்த யோசனையை எடுத்தாலும் ஒரே கேள்வியில் போய் முட்டுகிறது: மார்பு எவ்வளவு வளரும்? அதைத் தலைக்குள் வைத்துக்கொண்டு அலைவதைவிட எழுதி வைப்பது மேல். எழுதினால் பயம் எது, தெரிந்த செய்தி எது என்று பிரித்துப் பார்க்கலாம். தெரிந்த செய்தி இவ்வளவுதான். எண்டோக்ரைன் சொசைட்டி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி மூன்று முதல் ஆறு மாதத்தில் வளர்ச்சி தொடங்கும்; இரண்டு, மூன்று ஆண்டுகளில் உச்சத்தை எட்டும். திருநர் நலனுக்கான உலக மருத்துவ அமைப்பான டபிள்யூபாத், 2022-இல் வந்த தன் எட்டாம் பதிப்பில் உச்சத்துக்கான காலத்தை இரண்டு முதல் ஐந்து ஆண்டு என்று நீட்டியிருக்கிறது. அந்த அட்டவணைகளில் காலம் இருக்கிறது, அளவு இல்லை. நான் தேடுவதோ அளவு.

பிப்ரவரி 12

பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதற்காகப் பொறுப்பது என்று யாரும் சொல்வதில்லை.

மார்ச் 20

மார்பு வளர்ச்சியை மருத்துவர்கள் ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். இங்கிலாந்தில் ஹார்ப்பண்டன் என்ற ஊரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த 192 சிறுமிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து படம் எடுத்து, மார்ஷலும் டானரும் 1969-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய முறை அது. முதல் படி குழந்தையின் மார்பு. இரண்டாம் படியில் முலைக்காம்பின் அடியில் ஒரு கடினமான வட்டு தட்டுப்படும். விரலை வைத்து மெல்ல அழுத்தினால் நகரும், சட்டைத் துணி உரசினாலே வலிக்கும். மூன்றில் மார்பும் காம்பைச் சுற்றிய கருவட்டமும் சேர்ந்தே பெரிதாகும். நான்கில் கருவட்டம் தனியாக ஒரு மேடாக எழும்பும். ஐந்தில் அந்த மேடு அடங்கி, மார்பு ஒரே வளைவாக அமையும். இந்த ஐந்தில் எதுவும் பருமனைக் கேட்பதில்லை, வடிவத்தை மட்டுமே கேட்கின்றன. சிறிய மார்பு ஐந்தாம் படியில் இருக்கலாம், பெரிய மார்பு மூன்றிலேயே நிற்கலாம். இரண்டாம் படியிலிருந்து ஐந்தாம் படிக்குப் போக அந்தச் சிறுமிகளுக்கே சராசரியாக ஏறக்குறைய நான்கு ஆண்டு ஆனது. அவர்களில் யாரையும் சில மாதத்தில் இஞ்ச் டேப்பைச் சுற்றி, இவ்வளவுதானா என்று கேட்டிருக்க மாட்டார்கள். வயது வந்தபின் இரண்டாவது பருவத்துக்குள் நுழையும் திருநங்கையிடம் மட்டும் ஊரும் அதைக் கேட்கிறது, கண்ணாடியும் அதைக் கேட்கிறது.

ஏப்ரல் 2

வலது பக்கம் மட்டும் வலி. இடது பக்கம் ஒன்றுமே இல்லை. பருவமடையும் பெண்களுக்கும் ஒரு பக்கம் முந்துவது சகஜம் என்று படித்திருக்கிறேன். படித்ததால் பயம் போய்விடவில்லை.

ஏப்ரல் 6

அளவைச் சொல்லும் ஆய்வு கையில் கிடைத்தது. படிக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு மணி நேரம் தோன்றியது. ஆம்ஸ்டர்டாம், கென்ட், ஃப்ளாரன்ஸ் நகரங்களின் மருத்துவமனைகள் சேர்ந்து 229 திருநங்கைகளை ஓராண்டு தொடர்ந்து அளந்து 2018-இல் வெளியிட்டது. மார்பின் மேல் சுற்றிலிருந்து மார்புக்குக் கீழே விலாச் சுற்றைக் கழித்தால் வரும் வித்தியாசம்தான் அவர்கள் எடுத்த அளவு. ஓராண்டு முடிவில் அது சராசரியாக 7.9 செ.மீ. ஐரோப்பிய அளவு முறையில் ஏ கப் 12 செ.மீ. வித்தியாசத்தில்தான் தொடங்குகிறது. 48.7 சதவீதம் பேர் ட்ரிபிள் ஏ என்ற மிகச் சிறிய கப்புக்கும் கீழே இருந்தார்கள். ஏ-யைத் தாண்டியவர்கள் 3.6 சதவீதம். வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்திலேயே நடந்திருந்தது. பல மாதங்களாகத் தேடிய பதில் இதுதான் என்றால், இதை எங்கே வைத்துக்கொள்வது?

ஏப்ரல் 7

48.7.

மே 15

கப்பின் அந்த எழுத்து எதைக் காட்டுகிறது என்பதைச் சரியாகப் பார்க்காமல் அதற்கு அஞ்சுவதில் பொருளில்லை. கப்புக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்திடும் வழக்கம் 1930-களில் அமெரிக்காவில் பிறந்தது. வார்னர் நிறுவனம் 1937-இல் தன் பிராக்களில் அதைக் கொண்டுவந்தது. எழுத்து தனியாக எந்தக் கொள்ளளவையும் குறிப்பதில்லை. பட்டையின் எண்ணோடு சேர்த்துப் படித்தால்தான் அதற்குப் பொருள். நம் கடைகளில் 34 என்று அச்சிட்ட பிரா, ஏறக்குறைய 75 செ.மீ. விலாச் சுற்றுக்கு, 32 என்றால் 70, 36 என்றால் 80, 38 என்றால் 85. பிரா தைப்பவர்களின் கணக்கில் 32சி, 34பி, 36ஏ, 38ஏஏ நான்கின் கப்பும் கிட்டத்தட்ட ஒரே கொள்ளளவு. பட்டை ஒரு படி அகலும்போது எழுத்து ஒரு படி இறங்குகிறது. ஆகவே, 70 செ.மீ. விலா கொண்ட பெண்ணிடம் சி என்று பெயர் வாங்கும் அதே சதை, 85 செ.மீ. விலாவின் மேல் டபிள் ஏ என்று பெயர் வாங்கும். டெஸ்டோஸ்டிரோன் பருவத்தில் விரிந்த விலா எலும்பு ஈஸ்ட்ரோஜனால் சுருங்காது. அகன்ற நெஞ்சில் காம்புகளும் தள்ளித் தள்ளி நிற்கும். அதே சதை பரந்து, தட்டையாகத் தெரியும். டேப் அளந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு மார்பினுடையது, இன்னொரு பங்கு எலும்பினுடையது. 48.7 என்ற எண்ணை மார்பின் மேல் எழுதிய தீர்ப்பாகப் படித்தது தவறான வாசிப்பு.

மே 28

இந்த வாதத்துக்கு நேர்மையான மறுப்பு ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டால் மேலே எழுதியதெல்லாம் வெறும் ஆறுதலாகிவிடும். எலும்பைக் கழித்துவிட்டு சதையை மட்டும் அளந்தால் என்ன வரும்? ஆம்ஸ்டர்டாம் குழுவே அதையும் செய்தது. 69 திருநங்கைகளை முப்பரிமாணப் படம் எடுத்து மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்து, 2021-இல் வெளியிட்டார்கள். 71 சதவீதம் பேர் மூன்றாம் ஆண்டிலும் ஏ கப்பை எட்டவில்லை. ஆக, எழுத்து அளவைக் குறைத்துக் காட்டுகிறது என்பது உண்மை. குறைத்துக் காட்டாவிட்டாலும் பலருக்கு மார்பு சிறியதுதான் என்பதும் உண்மை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: முதலாண்டோடு வளர்ச்சி நின்றுவிடவில்லை, மூன்றாம் ஆண்டு வரைக்கும் கூடிக்கொண்டே போனது. முதல் ஆறு மாதத்தோடு கதவு மூடிக்கொள்ளும் என்று ஏப்ரலில் பயந்ததற்கு இது பதில். இவை எல்லாம் ஐரோப்பிய உடல்களின் எண்கள், நம் உடலுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். சதவீதங்களை அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. விலாவுக்கும் எழுத்துக்கும் உள்ள கணக்கு மட்டும் எந்த ஊர் டேப்பிலும் மாறாது.

ஜூலை 3

இன்று முழுக்க ஒரே கவலை. சிறியதாக இருக்கிறது என்றால் மருந்தை அதிகம் போட்டால் என்ன என்ற கேள்வி. இதை ஒருவர் கேட்டு ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. தமிழ்நாட்டில் எத்தனையோ திருநங்கைகளின் உடலில் இதற்கான விடை நடந்துகொண்டிருக்கிறது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல், சில ரூபாய்க்குக் கிடைக்கும் கருத்தடை மாத்திரையை ஒன்றுக்கு இரண்டு மூன்றாக விழுங்குவது நம்மிடையே பரவிய வழக்கம். மாலா-டி மாத்திரையை எடுத்துக்கொண்டால் அதில் இருப்பது 0.03 மி.கி. எத்தினைல் எஸ்ட்ரடயால், 0.15 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல். முதலாவது, உடல் சுரக்கும் எஸ்ட்ரடயால் கிடையாது. கல்லீரல் அதை எளிதில் சிதைக்காது, அதனால் ரத்தத்தை உறையவைக்கும் காரணிகள் கூடுகின்றன. இரண்டாவது, டெஸ்டோஸ்டிரோன் குடும்பத்தின் வழிவந்தது. அதற்கு ஆண்மைத் தன்மை கொஞ்சம் உண்டு. ஆக, மார்புக்காக மாத்திரையைக் கூட்டுபவர், வேண்டாததையும் சேர்த்தே கூட்டுகிறார். நெதர்லாந்தில் 966 திருநங்கைகளை நெடுநாள் கவனித்து 2011-இல் வெளிவந்த ஆய்வு, எத்தினைல் எஸ்ட்ரடயாலை எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோயால் மரணம் மூன்று மடங்கு என்று கண்டது. இன்றைய வழிகாட்டுதல்கள் அதைத் தவிர்க்கச் சொல்கின்றன. இந்த விலைக்குக் கிடைப்பதாவது என்ன என்று பார்த்தால், 2018 ஆய்வில் ரத்தத்தில் எஸ்ட்ரடயால் அளவை நான்கு பிரிவாகப் பிரித்து ஒப்பிட்டபோது, அதிகம் இருந்தவர்களுக்கு மார்பும் அதிகம் என்று வரவில்லை. அப்படியானால் மருந்தே தேவையில்லையா என்று எதிர்க்கேள்வி எழும். தேவை. எண்டோக்ரைன் சொசைட்டி சொல்லும் இலக்கு, ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 100 முதல் 200 பிகோகிராம் எஸ்ட்ரடயால். அந்த வரம்புக்குள் வந்தபின் மேலே ஏற்றுவது மார்பைப் பெரிதாக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. ரத்தக்கட்டியைக் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. கூட்டிப் போட்டு நன்றாக வளர்ந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறோமே என்பார்கள். அவர்கள் கூட்டாமல் இருந்திருந்தால் எவ்வளவு வளர்ந்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. கூட்டிப் போட்டுப் போனவர்கள் வந்து பேசவும் மாட்டார்கள்.

ஜூலை 4

மேலே எழுதியதைப் படித்தபோது ஒன்று உறுத்தியது. சீட்டு எழுதித் தர மருத்துவர் இல்லாத ஊரில் இருப்பவரிடம் அளவோடு போடு என்று சொல்வது அறிவுரையா, கைகழுவலா? அந்த மாத்திரையை எடுப்பவர்கள் அறியாமையால் மட்டும் எடுப்பதில்லை. மருத்துவமனை வாசலில் கேட்கும் கேள்விகளைவிட அந்த மாத்திரை அவர்களிடம் அன்பாக இருக்கிறது. ஆய்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கோபம் வர வேண்டிய இடம் வேறு.

ஜூலை 5

புரொஜெஸ்டிரோன் சேர்த்தால் மார்பு உருண்டு நிறைவாக வரும் என்ற பேச்சு நம் வட்டத்தில் எங்கும் உண்டு. டபிள்யூபாத்தின் 2022 பதிப்பு, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்கிறது. ஆதாரம் இல்லை என்பதும் பலன் இல்லை என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவே நிற்பது கஷ்டமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19

பிரா வாங்குவது பற்றி யோசிக்கும்போது மனம் இலகுவாக இருக்கிறது. ஒரு பிராவின் சுமையைப் பெரும்பாலும் பட்டைதான் தாங்க வேண்டும். தோள்வார் துணைக்கு மட்டும். அதனால் முதலில் விலா, பிறகுதான் எழுத்து. மூச்சை விட்டுவிட்டு, மார்புக்கு நேர் கீழே, முதுகிலும் முன்னாலும் ஒரே மட்டமாக இஞ்ச் டேப்பைச் சுற்ற வேண்டும். பிறகு சற்று முன்னால் குனிந்து, மார்பு எடுப்பாக இருக்கும் இடத்தில் இறுக்காமல் ஒரு சுற்று. புது பிராவைக் கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான வரிசையில் மாட்டிப் பார்க்க வேண்டும். துணி நாளடைவில் இழுபடும், அப்போது உள்வரிசைக் கொக்கிகள் உதவும். முதுகில் பட்டை மேலே ஏறினால் பட்டை தளர்வு. பட்டை மூச்சை இறுக்கிக் கப் மட்டும் காலியாகச் சுருங்கினால், எண்ணைக் கூட்டி எழுத்தை அதைவிட அதிகப் படிகள் குறைக்க வேண்டும். வாங்கிய பிராவின் கப் சரியாக இருந்து பட்டை மட்டும் பற்றவில்லை என்றால், கொக்கியில் சேர்க்கும் நீட்டிப்புப் பட்டை போதும். அகன்ற நெஞ்சில் நடுவே இடைவெளி அதிகம் என்பதால், இரண்டு கப்பையும் நெருக்கிச் சேர்க்கும் வகை உட்காராது. நடுப்பகுதி அகலமாக, கப்பின் மேல்விளிம்பு தாழ்வாக இருக்கும் வகை உட்காரும். அடியில் வட்டு வலிக்கும் காலத்தில் கம்பி வைத்தது வேண்டாம், தையல் காம்பில் படாத மெல்லிய பருத்திப் பிரா போதும். இத்தனையும் எழுதி முடித்தபின் பார்த்தால், பக்கத்தில் எங்குமே ஏ, பி என்ற எழுத்து தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 20

இதற்கும் ஒரு மறுப்பு இருக்கிறது. வெளியே போகும் திருநங்கைக்கு மார்பின் அளவு என்பது அழகுக் கணக்கு மட்டுமல்ல. பேருந்தில், வேலை கேட்கும் இடத்தில், இரவில் தெருவில், பார்ப்பவர் கண்ணில் பெண்ணாகத் தெரிவது அவள் பாதுகாப்போடு சம்பந்தப்பட்டது. விலாவுக்குச் சரியான பட்டை அவளைப் பார்ப்பவர் கண்ணிலிருந்து காப்பாற்றாது. ஒத்துக்கொள்கிறேன். அதற்குப் பஞ்சு வைத்த கப், சிலிக்கான் வடிவம், விரும்பினால் அறுவை சிகிச்சை எல்லாம் இருக்கின்றன. வளர்ச்சி முழுமையடையும் முன்பே அறுவைக்கு அவசரப்பட வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் புரிகிறது. ஆனால் தெருவில் அவமானத்தைச் சுமப்பவரிடம் மூன்று ஆண்டு பொறு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. துணிக்குள் வைக்கும் பஞ்சைக் கழற்றி வைத்துவிடலாம், ரத்தக்குழாயில் வந்த கட்டியை அப்படி முடியாது. இப்போதைக்கு இந்த இடம் வரைதான் வர முடிகிறது.

செப்டம்பர் 2

இரண்டு பக்கமும் வலிக்கிறது. நல்ல நாள்.

அக்டோபர் 9

இதெல்லாம் நிஜ மார்பா என்று கேட்பவர்களுக்கு நுண்ணோக்கியே பதில் சொல்லிவிட்டது. ஈஸ்ட்ரோஜனும் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்தும் நெடுநாள் எடுத்த திருநங்கைகளின் மார்புத் திசுவை நெதர்லாந்தில் சோதித்து 2000-இல் எழுதினார்கள்: பால் சுரக்கும் நுண்பைகளும் மடல்களும் மற்ற பெண்களின் மார்பில் உள்ளவாறே உருவாகியிருந்தன. 2018-இல் நியூயார்க்கில் ஒரு திருநங்கை மருந்தின் துணையோடு பால் சுரந்து, ஆறு வாரம் குழந்தைக்கு அதை மட்டுமே ஊட்டியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. நிஜ மார்பு என்றால் நிஜ மார்புக்கு வரும் நோயும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் ஹார்மோன் எடுத்த 2,260 திருநங்கைகளைப் பார்த்து 2019-இல் வெளியான கணக்கில், 15 பேருக்கு ஊடுருவும் வகை மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. மற்ற பெண்களுக்கு எதிர்பார்க்கும் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆண்களுக்கு எதிர்பார்ப்பதைப் போல நாற்பது மடங்குக்கு மேல். பயப்படும் அளவு இல்லை, கவனிக்காமல் விடும் அளவும் இல்லை. நம் அரசின் திட்டத்தில் 30 வயது கடந்த பெண்களுக்குச் சுகாதார நிலையங்களில் கையால் மார்பைச் சோதித்துப் பார்க்கிறார்கள். திருநங்கை ஒருவர் அந்த வரிசையில் போய் நின்றால் என்ன ஆகும்? எந்தப் படிவத்தில் அவர் பெயரை எழுதுவார்கள்? எத்தனை ஆண்டு ஹார்மோனுக்குப் பிறகு வரச் சொல்வார்கள்? வழிகாட்டுதல் எழுதிய வெளிநாட்டு மருத்துவர்கள் உள்ளூர் நடைமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். உள்ளூர் நடைமுறையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றில் இதை முதலில் எழுதியிருக்கிறேன். அளவு பற்றிய கேள்வி அந்தப் பட்டியலில் இல்லை.