யூரியா மணி

யூரியா மணி ஏன் உருண்டையாக இருக்கிறது என்று அல்லிநகரத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. உர ஆலையில் இருபத்தாறு வருடம் ஷிஃப்ட் பார்த்தவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தூத்துக்குடிப் பக்கம் போனவர்களுக்கு ஸ்பிக் ஆலை தெரிந்திருக்கும். 1975-இல் யூரியா உற்பத்தி தொடங்கியது. நான் இருந்தது வேறு ஆலை, பெயர் வேண்டாம். வேலை ஒன்றுதான். யூரியா சுமார் 133 டிகிரியில் உருகும். அந்தக் குழம்பை உயரமான கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றி, துளை போட்ட வாளியில் விட்டுச் சுழற்றுவோம். மழை மாதிரி விழும். கீழிருந்து காற்று எதிரே ஏறும். தரைக்கு வருவதற்குள், பத்து வினாடி இருக்குமா, சொட்டு உறைந்து படிகமாகிவிடும். நடுவில் குழாயோ தகடோ கிடையாது. காற்றே சொட்டைத் தொட்டுக் குளிர்விக்கிறது. தகடு வைத்தால் படிகம் முதலில் அதில்தான் அப்பும், சுரண்டி மாளாது. பனங்கற்கண்டுக்குப் பாகைப் பானையில் ஊற்றி வாரக்கணக்கில் அசைக்காமல் வைப்பார்களே, அது பொறுமையின் படிகம். இது அவசரத்தின் படிகம்.

சிக்கல் சித்திரையில் வரும். ஏறுகிற காற்றே அனலாக இருக்கும். மணி சூடு ஆறாமல் கீழே வந்து சேரும். அப்படியே மூட்டை கட்டி அடுக்கினால், உள்ளே ஆறும்போது மணிக்கு மணி ஒட்டிப் பாறையாகிவிடும். மதியத்தில் உற்பத்தியைக் குறைத்து, ராத்திரியில் கூட்டினால் போதும். நாங்கள் கேட்போம். மேலே இருப்பவர்களுக்கு மாதக் கணக்கு முக்கியம். சில நாள் விடுவார்கள், பல நாள் விடமாட்டார்கள்.

அதன் பலன் எங்கள் வீட்டுக்கே வந்தது. அண்ணன் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் போட்டவர். ஒரு கோடையில் வாங்கிய மூட்டையை உலக்கையால் இடித்துக்கொண்டே கேட்டார்: "ஏண்டா, உரம் செய்யிறீகளா, கல்லு உடைக்க விடுறீகளா?" பாதி தூளாகிவிட்டது. தூளைக் கையால் வீசினால் ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் விழாது. அந்த வயலில் பயிர் திட்டுத்திட்டாய் நின்றதை நானே பார்த்தேன்.

அந்தக் கைப்பிடித் தூளைக் காகிதத்தில் மடித்து ஆலைக்குக் கொண்டுபோய், மேலதிகாரி மேசையில் வைத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அந்த வாரம் மட்டும் மதிய உற்பத்தி குறைந்தது.

இப்போது வேப்பெண்ணெய் பூசி, 45 கிலோ மூட்டையில் வருகிறது. அண்ணன் மகன் பலகை போட்டு, சுவரைத் தொடாமல்தான் அடுக்குகிறான்.