பறவைக்கு மூத்த மலை

அட்டனில் புகைவண்டி ஏறி நானுஓயாவை நோக்கிச் செல்லும் பிரயாணியை, கொட்டகலையை அடையுமுன் சிங்கமலைச் சுரங்கத்தின் இருள் வந்து கவிந்துகொள்ளும். அதற்கப்பாலும் மலையை வெட்டிப் பாதை அமைத்த இடங்களிலெல்லாம் கரும்பாறை நீர் கசிந்து நிற்பதைக் காணலாம். தேயிலையின் பசுமையிலே மனத்தைப் பறிகொடுப்போர் இப்பாறையை ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆயினும், பறவை என்றோர் இனம் உலகில் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்னரே உருவான பாறை இது.

மிகப் பழைய பறவைகள் எப்படி இருந்தன? 1861ஆம் ஆண்டில் ஜெர்மனியின் சோல்ன்ஹோபன் பகுதியில், கல்லச்சுக்கென வெட்டி எடுத்த சுண்ணாம்புக்கல்லில் ஓர் இறகின் பதிவு காணப்பட்டது. ஹெர்மன் வொன் மேயர் என்ற அறிஞர் அதற்கு ‘ஆர்க்கியோப்டெரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். தொன்மைச் சிறகு என்பது பொருள். அவ்வாண்டிலேயே அதன் எலும்புக்கூடும் வெளிப்பட்டது. உடலெங்கும் இறகு, ஆனால் வாயிலே பற்கள், சிறகிலே நகத்தோடு கூடிய மூன்று விரல்கள், பல்லிக்கு இருப்பது போன்ற நீண்ட எலும்பு வால்! ஊர்வனவற்றிலிருந்து பறவை தோன்றியதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அக்குடும்பம் அடியோடு அழிந்தொழிந்தது. அசைவற்ற உப்பங்கழியின் நுண்ணிய சேறு அதன் இறகின் சாயலைக்கூடக் காத்துத் தந்தது.

நம் மலைநாட்டில் அத்தகைய புதைவடிவம் அகப்படுமா என மாணவர் வினவக்கூடும். அகப்படாது. இம்மலைப் பாறைகள் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அம்மாற்றம் நிகழ்ந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். ஆர்க்கியோப்டெரிக்ஸ் வாழ்ந்த யுகத்தைச் சேர்ந்த படிவுகள் புத்தளத்தை அடுத்த தப்போவையில் உள்ளன. அங்கே கிடைப்பவை தாவரப் பதிவுகள். அக்காலத்தில் இலங்கையோடு ஒரே பெருநிலமாக இணைந்திருந்தது மடகாஸ்கர். அங்கே கிடைத்த ஒரு பழம்பறவையின் கால் எலும்புகளுக்கு 1996இல் ‘வொரோனா’ எனப் பெயரிட்டனர்.

கல்லிலே பறவை இல்லாவிடினும், காட்டிலே உண்டு. இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி என்பது இம்மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் காணப்படாத பறவை. கருநீல உடலும் தோளில் ஒளிரும் நீலத் திட்டும் உடைய ஆண்பறவை, மலைக்காட்டு ஓடைகளின் நிழலில், வைகறையிலும் அந்தியிலும் கூரிய சீழ்க்கை ஒலி எழுப்பும். 1872இல் அறிவியல் உலகம் அறிந்த இதன் விஞ்ஞானப் பெயரில், பிளை என்ற கோப்பித் தோட்டத்துரையின் பெயர் நிலைத்திருக்கிறது.

அக்கோப்பிக்காகவே காடுகள் வீழ்ந்தன. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் இலைநோய் கோப்பியை அழிக்க, அவ்விடத்தையும் எஞ்சிய காட்டையும் தேயிலை கொண்டது. வெட்டச் சொன்னோர் துரைமார். வெட்டியோர் கடல் கடந்து வந்த நம் முன்னோர். அவர்களுள் எத்தனையோ பேருக்குப் பெயர் பொறித்த கல்லொன்றும் இல்லை.

பூங்குருவி இன்று அழிவின் விளிம்பை நெருங்கும் பறவைகளுள் ஒன்று. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் மத்திய மலைநாட்டுக் காடுகள் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. எனினும் வேலிக்குள் உள்ள காடு மட்டும் போதாது. காட்டை ஒட்டிய தோட்டங்களில் ஓடைக்கரை மரங்களை விட்டுவைப்பதும், மருந்து தெளித்த கலங்களை ஓடையிலே கழுவாதிருப்பதும் நம்மால் ஆகக்கூடியவை.

ஆர்க்கியோப்டெரிக்ஸ் மறைந்தபோது சேறு அதைக் காத்தது. இங்கே மழை மிகுதி, செங்குத்தான சரிவு, விழுந்த எலும்பு மட்கிப் போகும். பூங்குருவி மறைந்தால் இம்மலை அதன் நினைவை வைத்திராது. ஆகவே, மலையகத்து மாணவச் செல்வங்கள் தாம் காணும் பறவையின் நிறம், குரல், இடம், நாள் ஆகியவற்றை ஒரு கொப்பியிலே குறித்து வருவார்களாக. இம்மலையின் பறவைகளுக்கு அதுவே ஏடு.