நலம், நலமறிய அவா

கடிதம் எழுதக் கற்றுத்தந்த ஆசிரியர் முதன்முதலில் கரும்பலகையில் எழுதிய வரி அது: "நலம், நலமறிய அவா." நலமாக இருக்கிறாயா என்று அவர் எங்களைக் கேட்கவில்லை. எழுது என்றார், எழுதினோம். பதினைந்து ஆண்டுகள் உருண்டோடின. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அயல்நாட்டில், விடுதி அறையின் குளிரில் அமர்ந்து மீண்டும் அதே வரியைச் சொன்னோம். காகிதம் போய்க் கைபேசி வந்திருந்தது; வரி மட்டும் மாறவில்லை. வெளியே பனி, உள்ளே பசி, நெஞ்சிலே பாரம் — உதட்டிலே "நலம்!"

அந்த ஒரு சொல்லின் கதைதான் இது, தோழர்களே! சொல் சிறிது, அது மூடி மறைத்த சுமையோ பெரிது.

2022ஆம் ஆண்டு, இலையுதிர் காலம். தஞ்சை மாவட்டத்து வாய்க்கால் கரையிலிருந்து ஒருவன். திருப்பூர்ப் பின்னலாடைத் தெருவிலிருந்து ஒருவன். விழுப்புரம் பக்கத்துச் சேரியிலிருந்து ஒருவன். முன்பின் அறியாத மூவரும் ஜெர்மனி நாட்டு டிரெஸ்டன் நகரில், எல்பே ஆற்றுக்கு அருகே, ஒரு மாணவர் விடுதியின் மூன்றறை வீட்டில் ஒன்று சேர்ந்தோம். இங்கே 'நாங்கள்' என்று பேசுவது அந்த மூவரே.

அந்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் வாழ்க்கைச் செலவுக்குப் பணம் உண்டு என்று காட்டியாக வேண்டும். அன்றைய கணக்கில் 10,332 யூரோ — நம் பணத்தில் ஏறத்தாழ எட்டு இலட்சம் ரூபாய் — வங்கியில் பூட்டி வைத்து, மாதம் 861 யூரோ மட்டுமே எடுக்கலாம். இன்று அத்தொகை இன்னும் உயர்ந்திருக்கிறது. அந்த எட்டு இலட்சம் எங்கிருந்து வந்தது? தஞ்சைத் தோழனுக்காக வயல் அடகுக்குப் போயிற்று. திருப்பூர்த் தோழனுக்காக அக்காளின் கழுத்து வெறுமையாயிற்று. விழுப்புரத் தோழனுக்கு வங்கிக் கடன். அதற்குப் பிணைக் கையெழுத்திட்டவர் அவனுடைய பள்ளி ஆசிரியர். ஊர் முனையில் எங்கள் படம் தாங்கிய வாழ்த்துப் பலகைகள் வேறு! பெட்டியின் எடை முப்பது கிலோவைத் தாண்டக்கூடாது என்றார்கள் விமான நிலையத்தில். வயலையும் நகையையும் கையெழுத்தையும் சுமந்து சென்றோமே, அவற்றை எடைபோட அங்கே தராசு இல்லை.

முதல் மாதம் வேடிக்கையாகவே கழிந்தது. முதல் வகுப்பு முடிந்ததும் அத்தனை மாணவர்களும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். கலகமோ என்று கலங்கினோம். பேராசிரியரோ புன்னகைத்து விடைபெற்றார். பாராட்டு என்பதை அங்கே அப்படித்தான் தெரிவிப்பார்களாம்! எங்கள் பள்ளியில் மேசையைத் தட்டியவன் வகுப்புக்கு வெளியே நின்றிருப்பான்.

முதல் ஞாயிறு, அரிசி வாங்கப் புறப்பட்டோம். கடைத்தெரு முழுவதும் கதவடைப்பு. எந்தத் தலைவர் மறைந்தார் என்று கேட்காத குறைதான். பிறகு அறிந்தோம்: ஞாயிற்றுக்கிழமை ஓய்வு அங்கே அரசியல் சட்டமே காக்கும் உரிமை. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்டது, 1949ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. கடையில் பணிபுரியும் பெண்ணுக்கும் ஒரு ஞாயிறு உண்டு! பசித்த வயிற்றோடும் அதை மதித்தோம். நம் ஊர்த் துணிக்கடைகளில் நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் பெண்களை எண்ணினோம். அவர்கள் உட்காருவதற்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021ஆம் ஆண்டில்தானே!

பிறகு குளிர்காலம் வந்தது. டிசம்பரில் எட்டு மணிக்கு எழுந்த கதிரவன் நான்கு மணிக்கே விடைபெற்றான். அறையில் வெப்பமூட்டும் கருவி இருந்தது. அதன் திருகில் சில எண்களும், ஒரு பனிப்பூக் குறியும் இருந்தன. பனிக்காலத்துக்கு உரியது பனிப்பூதானே என்று அதிலேயே திருகி வைத்து, ஒரு வாரம் நடுங்கினோம். குழாய் உறைந்துவிடாமல் காக்கும் அளவுக்கே அந்தக் குறி என்று எங்களுக்கு யார் சொன்னார்? கீழ்த்தளத்துக் காவலர் தற்செயலாக வந்தார், பார்த்தார், சிரிக்கவில்லை, மூன்றாம் எண்ணுக்குத் திருகினார். ஒரு வாரக் குளிர் ஒரு திருகலில் தீர்ந்தது. கேட்டிருந்தால் முதல் நாளே தீர்ந்திருக்கும்!

1914ஆம் ஆண்டு சென்னையிலிருந்து கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்ற கணித மேதை இராமானுசன் வரலாற்றிலும் இப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு. கட்டிலில் விரிக்கப்பட்டிருந்த கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பதை அறியாமல், அவற்றின் மீதே படுத்துக் குளிரில் வாடியிருக்கிறார். அதைக் கண்டு சொல்லிக் கொடுத்தவர், அங்கே பயின்றுகொண்டிருந்த மகலனோபிசு. எண்களின் நுட்பமெல்லாம் அறிந்தவருக்குப் போர்வையின் நுட்பத்தைச் சொல்ல, அதுவரை ஒருவருமில்லை. போர்க்காலம், பழகாத உணவு, தனிமை, நோய் எல்லாம் சேர்ந்து அழுத்தின. 1918ஆம் ஆண்டு இராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கிப் பெருமை கொண்டது. அதே ஆண்டில்தான் அவர் இலண்டன் சுரங்க இரயில் பாதையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, மீட்கப்பட்டார். 1919இல் தாயகம் திரும்பினார். 1920இல், முப்பத்திரண்டாம் வயதில், மறைந்தார். புகழ் போர்வையாகாது, தோழர்களே!

ஊர் ஏக்கத்தைக் கோழைத்தனம் என்பார் உளர். கண்ணேறு என்பார் உளர். கிரகக் கோளாறு என்று பரிகாரம் சொல்வாரும் உளர். குரல் மெலிந்திருக்கிறதே என்று தஞ்சைத் தோழனின் தாயார் ஒரு தாயத்தையே அஞ்சலில் அனுப்பினார். தாயத்தை அவன் கட்டவில்லை. அனுப்பிய அன்பைத் தள்ளவுமில்லை.

அறிவியல் இதை என்றோ ஆராயத் தொடங்கிவிட்டது. 1688ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகான்னசு ஓஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வுரையில் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே விவரித்து, அதற்கு நொசுடால்ஜியா என்று பெயரும் சூட்டினார். 'வீடு திரும்புதல்', 'வலி' என்ற இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. அவர் எழுதிய நோயாளிகளில் ஒருவன், பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த மாணவன். கடல் கடந்தவனல்லன், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்தவன்! அவன் சாகும் நிலையில் கிடந்தான். வீட்டுக்கு அழைத்துச் செல்கிறோம் என்றதும், வழியிலேயே தேறத் தொடங்கினான். பண்பாட்டு அதிர்ச்சி என்ற கருத்தைப் பரப்பிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க், 1954ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் நிகழ்த்திய உரையில் காரணத்தை விளக்கினார். எப்போது கைகுலுக்குவது, எப்போது மறுப்பது, எதை மெய்யாகக் கொள்வது, எதை வெறும் முகமனாகக் கொள்வது — பிறந்தது முதல் பழகிய இந்தக் குறிகளெல்லாம் ஒரே நாளில் தொலைந்துபோவதால் பிறக்கும் பதற்றமே அது என்றார். பேயுமில்லை, பிசாசுமில்லை, தொலைந்தது பாதை, அவ்வளவே.

நாங்கள் எதற்காக ஏங்கினோம்? கோபுரத்துக்கும் கடற்கரைக்கும் அல்ல. விடியலில் பால்காரரின் மணியோசைக்கு. முடிதிருத்தும் நிலையத்து வானொலிக்கு. தெருக்குழாயடிச் சண்டைக்கு! சத்தம் தாங்கவில்லை என்று ஊரில் சினந்தவர்கள், சத்தமே இல்லையே என்று அங்கே கலங்கினோம். அங்கே மாலை ஏழரை என்றால் இங்கே நள்ளிரவு. பேசத் தோன்றிய நேரத்தில் வீடு உறங்கிக் கிடந்தது. ஏங்க ஏங்க ஊர் அழகாயிற்று. ஊரில் எல்லாரும் நல்லவர், எல்லாம் இனிது என்று எங்களுக்குள் ஒரு காவியமே பாடிக்கொண்டோம்.

அந்தக் காவியத்தைக் கலைத்தது ஒரு டிராம் வண்டி. கூட்டமான மாலை, பலர் நின்றுகொண்டிருந்தனர், எங்கள் அருகிலிருந்த இருக்கை மட்டும் காலி. எல்லாரும் அப்படிப்பட்டவரல்லர், திருகைத் திருப்பித் தந்தவரும் அந்த மண்ணின் மைந்தர்தான். ஆயினும் அன்று அந்த இருக்கை காலியாகவே வந்தது. தஞ்சையும் திருப்பூரும் கொதித்துப் போயின. எங்கள் தோலா குற்றம் என்று குமுறினோம். விழுப்புரத் தோழன் மட்டும் அமைதியாகச் சொன்னான்:

"உங்களுக்கு இது புதிது. எங்கள் ஊர்ப் பேருந்தில் எனக்கு இது பழக்கம்."

டிராம் வண்டி போய்க்கொண்டிருந்தது; நாங்கள் பேசவில்லை. ஏழாயிரம் கிலோமீட்டர் கடந்த பிறகே, ஒரே மாநிலத்தின் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே ஊர் இல்லை என்பது எங்களில் இருவருக்குத் தெரிந்தது. தாயின் சோற்றுக்கு அவனும் ஏங்கினான், தெருவுக்கு ஏங்கவில்லை. அவன் மிதிவண்டியை விட்டிறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்த தெருவல்லவா அது!

அடுத்து வந்த பொங்கல் விழாவில், நம்மவர் ஒருவர் சர்க்கரைப் பொங்கலை நீட்டியபடியே அவனைக் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊர்? எந்தப் பக்கம்? குலதெய்வம் எது?" தெய்வத்தின் மீதுள்ள பற்றால் பிறந்த கேள்வியா அது? விமான நிலையத் தராசு எடைபோடாத பொருளை, எங்களவரும் சுமந்துதான் வந்திருந்தார். ஊரைப் பற்றி எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்ட முதற்பொய் அன்று உடைந்தது.

இரண்டாவது பொய் உடையாமல் இருந்தது. அதுதான் ஊருக்கு நாங்கள் சொன்ன பொய் — நலம்!

அங்கே மதிப்பெண் தலைகீழ். ஒன்று என்றால் மிகச் சிறப்பு. நான்கு வரை தேர்ச்சி. ஐந்து என்றால் தோல்வி. 2023 பிப்ரவரியில் ஒரு முதன்மைப் பாடத்தில் தஞ்சைத் தோழன் ஐந்து வாங்கினான். "எவ்வளவுப்பா?" என்றார் தாயார். "ஐந்து" என்றான். "எத்தனைக்கு?" "ஐந்துக்கு!" தாயார் மகிழ்ந்து தெருவுக்கே இனிப்பு வழங்கினார். ஆகஸ்டில் மீண்டும் எழுதினான், மீண்டும் ஐந்து. மூன்றாம் முறையும் தவறினால் படிப்பே முடிந்துவிடும் என்பது விதி. நவம்பரில் அவன் அறைக் கதவு சாத்தப்பட்டது.

மற்ற இருவரும் என்ன செய்தோம்? படிக்கிறான் என்றோம். அவன் பெயர் எழுதிய பால் குளிர்பெட்டியில் புளித்தது, பார்த்தோம். வெளியே மூன்று நாளாகப் பனி, வாசலிலிருந்த அவன் காலணியில் ஈரமே இல்லை, அதையும் பார்த்தோம். கேட்கவில்லை! ஏன்? அவனைக் கேட்டால் அவன் எங்களைக் கேட்பான். நாங்களும் நலமில்லையே! நலம் நடிக்கும் மூவர், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வாழ்ந்துகொண்டிருந்தோம்.

பதினோராம் நாள் விழுப்புரத் தோழன் இரசம் வைத்தான். தட்டோடு போய் அந்தக் கதவின் முன் தரையில் அமர்ந்தான். கதவு திற என்று கெஞ்சவில்லை. "டேய், எனக்கு ஒன்றும் சரியில்லை. மூன்று வாரமாக இரவில் உறக்கம் இல்லை. யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. உன்னிடம் சொல்லலாமா?" என்றான். நெடுநேரம் ஓசையில்லை. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது.

மறுநாள் காலை, எங்கள் இருவர் நடுவே அமர்ந்து, தாயாரை அழைத்து உண்மையைச் சொன்னான். ஐந்தின் பொருளையும் சொன்னான். வயலை அடகு வைத்தவர் அவர். இனிப்பு வழங்கியவர் அவர். இடி விழுந்தது போல் ஆவார் என்றுதான் அஞ்சினோம். அவர் சொன்னது இது:

"வயலை மீட்டுடலாம்டா. உன்னை எங்க போயி மீட்கிறது? மொதல்ல சாப்பிடு."

பல்கலைக்கழக நகரங்களில் மாணவருக்கென்று உளநல ஆலோசனை உண்டு, கட்டணமும் இல்லை. ஓராண்டுக்கு மேலாக அந்தக் கட்டடத்தைக் கடந்துதான் நாங்கள் உணவுக்கூடம் சென்றோம்; ஒரு நாளும் நுழைந்ததில்லை. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போக வெட்கப்படாதவர்கள், கலங்கிய உள்ளத்தைக் காட்ட வெட்கப்பட்டோம். அந்த வாரம் மூவருமே நுழைந்தோம்.

தஞ்சைத் தோழன் 2024 மார்ச்சில் ஊர் திரும்பினான். தோற்று வந்தான் என்று தெரு பேசியது. பேசட்டும்! பெர்ன் நகரத்து மாணவன் தேறியதும் வீடு திரும்பும் வழியில்தான். இன்று இவன் திருச்சியில் ஒரு தொழிற்கூடத்தில் பணிபுரிகிறான்; வயலில் பாதி மீண்டுவிட்டது. மற்ற இருவரும் படித்து முடித்தோம். தேறியது யார், தோற்றது யார் என்று எங்களைக் கேட்டால், மூவரும் உயிரோடு இருக்கிறோம், இப்போது பொய் சொல்வதில்லை என்பதே எங்கள் விடை.

2023-24 கல்வியாண்டில் ஜெர்மனியில் மட்டும் பயின்ற இந்திய மாணவர் ஏறத்தாழ 49,000 பேர். அயல்நாட்டு மாணவரில் முதலிடம். அந்தக் கூட்டத்தில் எத்தனை கதவுகள் சாத்திக் கிடக்கின்றனவோ! புறப்படும் தோழனே, கடல் கட, கல்வி கொள். தெரியாததைக் கேள்; போர்வையானாலும் கேள். சாதியைப் பெட்டியில் வைக்காதே. ஊரை நினை, ஆனால் உள்ளபடி நினை. பெற்றோரே, "நலமா?" என்று மட்டும் கேட்காதீர்கள்; அந்தக் கேள்விக்கு விடையைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். இன்று யாரோடு பேசினாய், என்ன உண்டாய், எப்போது உறங்கினாய் என்று கேளுங்கள்.

மூவரும் இன்று மூன்று ஊர்களில் இருக்கிறோம். வாரம் ஒருமுறை எழுதிக்கொள்கிறோம். சென்ற வாரம் விழுப்புரத் தோழனிடமிருந்து வந்த முதல் வரி இது: "அவ்வளவாக நலமில்லை, நலமறிய அவா." படித்ததும் எங்களில் இருவர் உடனே தொலைபேசியை எடுத்தோம்.