காற்கூறு கல்வி

கோபாலபுரம் என்றதும் சென்னை மாநகரின் ஒரு பகுதியே பலருக்கு நினைவுக்கு வரும். நான் சொல்லப் புகும் கோபாலபுரம் அதுவன்று. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர் அது. ஊர் என்பதைக் காட்டிலும் எல்லை என்று சொல்வதே அதற்குப் பொருந்தும். சோதனைச் சாவடி, தேநீர்க் கடைகள், இரு மாநிலப் பேருந்துகளும் வந்து திரும்பும் சாலை, இவையே அதன் அடையாளங்கள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியே வகுக்கப்பட்டன என்று நாம் படித்திருக்கிறோம். ஆயினும், பழைய கொச்சி நாட்டைச் சேர்ந்த சித்தூர் வட்டத்தில் தமிழ் பேசும் மக்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வேலந்தாவளம் என்று ஊர்ப் பெயர்களை அடுக்கினாலே செய்தி விளங்கிவிடும். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், கடைத்தெருவில் இரண்டும் கலந்த ஒன்று. இதுவே அவர்தம் வாழ்வு.

இவ்வூர்ப் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்லும் வழி இரண்டு. கிழக்கே போனால் பொள்ளாச்சி. மேற்கே போனால் சித்தூர். சோகநாசினி ஆற்றங்கரையில் 1947-இல் தொடங்கப்பெற்ற சித்தூர் அரசு கல்லூரியில் தமிழ்த்துறையும் உண்டு என்பது தமிழ்நாட்டில் உள்ளோர் பலருக்கே தெரியாது. நான் இப்பகுதிக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். என் பணியின் இறுதி இரண்டாண்டுகள் நோயின் ஆண்டுகளாக அமைந்துவிட்டன.

இந்தியாவில் கொரோனா நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது கேரளத்தில்தான். சீனத்தின் வூகான் நகரில் மருத்துவம் படித்துத் திருச்சூருக்குத் திரும்பிய மாணவி ஒருவரிடம் 2020 சனவரி 30-இல் அது உறுதியாயிற்று. மார்ச்சுத் திங்கள் இரண்டாம் வாரத்தில் கல்விக்கூடங்கள் மூடப்பட்டன. 25-ஆம் நாள் முதல் நாடே அடங்கிற்று. எல்லையில் பேருந்துகள் நின்றன. சாவடி வழியே நடந்து போவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. பெண்ணைக் கொடுத்த வீடு ஒரு மாநிலத்திலும் பிறந்த வீடு மற்றொரு மாநிலத்திலும் இருக்க, இடையே இருநூறு அடித் தொலைவை எவரும் கடக்க முடியாத நிலையை எங்கள் பகுதி மக்கள் அதற்குமுன் கண்டதில்லை.

சூன் 1-ஆம் நாள் கேரளக் கல்லூரிகளில் இணையவழி வகுப்புகள் தொடங்கின. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே நாளில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியே 'பர்ஸ்ட் பெல்' என்னும் பாட நிகழ்ச்சி தொடங்கிற்று. அரசு மிக விரைவாகவே செயல்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் கல்வி தடைப்பட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்ட காலம் அது. எதையும் செய்யாமல் இருப்பதைவிட ஏதேனும் ஒன்றைச் செய்வது மேல் என்று எல்லாரும் எண்ணியதில் வியப்பில்லை. அந்நாளில் நியூட்டனின் கதை அடிக்கடி சொல்லப்பட்டது. 1665-இல் கொள்ளை நோயால் கேம்பிரிட்சு மூடப்பட்டபோது அவர் வீட்டிலிருந்தபடியே பெரிய உண்மைகளைக் கண்டார் என்று சொல்லி மாணவர்க்கு ஊக்கமூட்டினர். நியூட்டனுக்குப் பண்ணை நிலத்தோடு கூடிய வீடு இருந்தது. கள் வண்டி ஓட்டுபவரின் மகளுக்கு ஓர் அறை வீடும், அதில் நால்வரும் இருந்தனர்.

கள் வண்டி என்றேன். அதனைச் சற்று விளக்க வேண்டும். கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் செல்வது சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளிலிருந்துதான். கடைகள் மூடப்பட்டபோது மரம் ஏறுவோர், வண்டி ஓட்டுவோர் என அத்தொழிலைச் சார்ந்த குடும்பங்கள் அனைத்தும் வருவாயின்றி நின்றன. கையில் காசில்லாத அந்த நாள்களில்தான் திறன்பேசி வாங்கு என்று கல்லூரி சொல்லிற்று. 2017-18-இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, நாட்டின் ஊர்ப்புறக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைந்துக்கே இணைய வசதி இருந்தது. கணினி இருந்த குடும்பங்கள் நூற்றுக்கு ஐந்தும் இல்லை. கேரளம் இவ்வகையில் முன்னணியில் நிற்கும் மாநிலம்தான். ஆனால் சராசரிக் கணக்கு எல்லையோரத்துக்கு எப்போதுமே பொருந்துவதில்லை.

என் வகுப்பில் 21 பேர். 2019-இல் சேர்ந்தவர்கள், எட்டுத் திங்கள் நேரில் கண்டு பழகியவர்கள். முதல் நாள் இணைய வகுப்பில் ஒன்பது பேர் வந்தனர். அவர்களுள்ளும் முகம் காட்டியவர் இருவரே. மற்றவர்கள் கருஞ்சதுரங்களாகவும் பெயரின் முதலெழுத்துகளாகவும் இருந்தனர். மாணவன் சுவரில் தீட்டிய பாவைபோல் அசையாது அடங்கியிருந்து கேட்க வேண்டும் என்ற கருத்து நன்னூலின் பொதுப்பாயிரத்தில் உண்டு. பவணந்தியார் விரும்பிய மாணவன் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்துக் கூகுள் மீட்டில் வந்து வாய்த்தான் என்று நான் சொன்னபோது ஒரு கருஞ்சதுரம் சிரித்தது. அச்சிரிப்பு அன்று எனக்குப் பேருதவியாக இருந்தது.

பவணந்தியார் அப்பாயிரத்தில் வேறொரு கணக்கும் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு செம்மையாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்குதான். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் கிட்டும். எஞ்சிய இரண்டு கால்களும் அவன் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். இப்பகுதியை முப்பது ஆண்டுகளாக நடத்தியிருக்கிறேன். அதன் உட்பொருள் முழுதும் எனக்குப் பட்டது அந்தச் சூன் திங்களில்தான். கல்லூரிகள் கைபேசிக்குள் ஏற்ற முயன்றது அந்த முதற் காற்கூற்றை மட்டுமே. மரத்தடி, பேருந்து, விடுதித் திண்ணை, நூலகத்து வாயில் ஆகிய இடங்களில் விளைந்த மற்றக் கூறுகளைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் பேசவில்லை.

அந்தக் காற்கூறும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. கேரளத்தில் அலைபேசித் தொடர்பை 'ரேஞ்சு' என்பார்கள். தமிழ்நாட்டில் 'டவர்' என்பார்கள். எங்கள் எல்லையில் இரண்டு சொற்களும் வழங்கும். பொருள்தான் பல வேளைகளில் இராது. "ஐயா, ரேஞ்சு போச்சு" என்பதே அவ்வாண்டில் நான் மிகுதியாகக் கேட்ட தொடர். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு கைபேசி. தந்தை வேலை தேடி வெளியே போனால் கைபேசியும் உடன் போய்விடும். இளையவனுக்குத் தேர்வு என்றால் மூத்தவளுக்கு அன்று வகுப்பில்லை.

தமிழக அரசு 2021 சனவரி முதல் ஏப்பிரல் வரை நாளொன்றுக்கு இரண்டு ஜிபி வீதம் இணையத் தரவு அட்டைகளை 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்க்கு வழங்க ஏற்பாடு செய்தது. நல்ல திட்டம். ஆனால் அது தமிழகக் கல்லூரிகளில் படிப்போருக்கே உரியது. எனவே எங்கள் தெருக்களில் பொள்ளாச்சிக்குப் போகும் பையனுக்கு அட்டை உண்டு. சித்தூருக்குப் போகும் அவன் அத்தை மகளுக்கு இல்லை. அதே தமிழக அரசு 2020 ஆகஸ்டில், நிலுவைத் தாள்களுக்குக் கட்டணம் செலுத்தியவர் எல்லாரும் தேர்ச்சி பெற்றதாக அறிவித்தபோது, எல்லைக்கு இப்பாலுள்ள சிலர் தம் தலைவிதியை நொந்துகொண்டதும் உண்டு. 'கொரோனா பாஸ்' என்று அதற்குப் பெயர் வைத்து ஊரார் எள்ளினர். அந்த எள்ளல் நியாயமற்றது என்பதே என் எண்ணம். அப்பிள்ளைகளா நோயை அழைத்தனர்?

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் அஞ்சல்வழிக் கல்வியால் பட்டம் பெற்றவர் பலர் இருக்கக்கூடும். மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும் அதனைத் தொடங்கின. பம்பாயிலும் தில்லியிலும் பகலில் அலுவலகம் சென்று, இரவில் பழுப்புத்தாள் பாடக் கட்டுகளைப் படித்தவர்களை நான் அறிவேன். ஆசிரியர் முகம் காணாத கல்வி நமக்குப் புதிதன்று. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தபாலில் வந்த பாடம் பெட்டியில் கிடந்து நமக்காகக் காத்திருக்கும். இணைய வகுப்போ காலைப் பேருந்து போன்றது. அந்நேரத்துக்கு நிறுத்தத்தில் நில்லாதவரை விட்டுவிட்டுப் போய்விடும்.

இதனை உணர்ந்தபின் நானும் என் உடனாசிரியர் இருவரும் நேரலை வகுப்பைக் குறைத்து, பாடத்தைக் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பலானோம். பத்து நிமிடப் பேச்சு, படம் இல்லை. ரேஞ்சு வரும்போது இறங்கும், வேண்டியபோது கேட்கலாம். இருமுறை கேட்பவன் நூலில் பிழைபடான், மும்முறை கேட்பவன் பிறர்க்கு உரைக்கவும் வல்லவனாவான் என்ற கருத்தும் நன்னூலில் உள்ளதே. மேலிடத்துக்கு இது உகப்பாக இல்லை. இத்தனை மணிக்கு இத்தனை பேர் திரையில் இருந்தனர் என்ற கணக்கையே அவர்கள் கேட்டனர். நாங்கள் இரண்டையும் செய்தோம்: கணக்குக்கு ஒரு வகுப்பு, கற்பதற்கு ஒரு பதிவு.

கள் வண்டி ஓட்டுபவரின் மகள் என்று முன்னே குறிப்பிட்டேனே, அவள் அப்பதிவுகளைத் தன் தெருவுக்கே ஒலிக்கவிட்டாள் என்று பிறகு அறிந்தேன். அவளிடம் இருந்தது பழைய கைபேசி. ஒலிபெருக்கி மட்டும் நன்றாக இருந்தது. மாலையில் தோப்போரத்தில் உடன் பயிலும் மூவர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து கேட்பர். அது இரண்டாம் காற்கூறு. தெருப் பிள்ளைகளுக்கோ வேறொரு தொல்லை. விக்டர்ஸில் ஓடிய பாடங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருந்தன; இவர்கள் தமிழ்வழிப் பள்ளி மாணவர்கள். தமிழ்ப் பாடங்கள் ஆயத்தமாகி வரும்வரை, அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, மலையாளத்தில் கேட்டதை அவள் தமிழில் எடுத்துச் சொன்னாள். அறிவியலும் கணக்கும் அவள் பாடமல்ல. முதல் நாள் தானே படித்துக்கொண்டு மறுநாள் சொன்னாளாம். எஞ்சிய இரண்டு கால்களும் இப்படி ஒரு தெருவில் நிறைவேறிக்கொண்டிருந்ததை எந்தக் கல்லூரியும் திட்டமிடவில்லை.

மற்றொருவன் இடுக்கியிலிருந்து வந்து எங்களிடம் தமிழ் படித்தவன். மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். மூணாறு அரசு கல்லூரியே 2018-ஆம் ஆண்டு மழையில் மலை சரிந்து கட்டடங்களை இழந்த கதையை அவன்தான் எனக்குச் சொன்னான். விடுதி மூடியதும் தோட்டத்துக்குத் திரும்பினான். ரேஞ்சுக்காக அன்றாடம் மலைச்சாலை வளைவு வரை ஏறி, குடையின் கீழ் நின்று வகுப்புக் கேட்பான். மழையின் ஓசை அவன் குரலோடு சேர்ந்தே வரும்.

2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள் உறங்கிக்கொண்டிருந்த லயங்கள் மண்ணில் புதைந்தன. இறந்தோர் 70 பேர். அவருள் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அவருட் பலர் கயத்தாறு வட்டாரத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்தமையால், செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். ரேஞ்சு என்பது பாடம் கேட்பதற்கு மட்டும் உரியதன்று என்பதை அன்று நாடே கண்டது.

எங்கள் மாணவனின் தோட்டம் பெட்டிமுடியன்று. எனினும் அவனிடமிருந்து செய்தியில்லை. ஒவ்வொரு நாளும் வகுப்பில் அவன் பெயரை அழைத்தேன், மற்றவர்கள் பேசாதிருந்தனர். ஐந்தாம் நாள் ஒரு குரல் பதிவு வந்தது. உறவினர் சிலரைத் தேடி அங்கே போயிருந்ததாகவும், அவர்கள் இல்லை என்றும் சொன்னான். பிறகு, "ஐயா, விட்டுப்போன பாடத்தை அனுப்புங்கள்" என்றான். அனுப்பினேன்.

2021 அக்டோபர் 4-இல் கேரளத்தில் இறுதியாண்டு மாணவர்க்குக் கல்லூரி திறந்தது. எல்லையில் பேருந்து இன்னும் இல்லை. ஆகஸ்ட் முதல் தமிழகத்துக்குள் நுழையப் பரிசோதனைச் சான்றோ இரு தவணைத் தடுப்பூசிச் சான்றோ வேண்டும் என்ற நிலை. முதல் வாரத்தில் 21 பேரில் 17 பேர் வந்தனர். கள் வண்டிக்காரரின் மகள் வரவில்லை. குடும்பத்துக்காகப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார் ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, உறவினர் வீட்டில் தங்கியிருந்தாள். டிசம்பர் 1-இல் இரு மாநிலப் பேருந்துகளும் மீண்டும் ஓடத் தொடங்கின. அடுத்த வாரம் அவள் தந்தையோடு வந்து நின்றாள். வருகை குறைந்திருந்தது. அதற்குரிய தண்டத்தொகையைத் துறையில் எல்லாருமாகச் சேர்ந்து கட்டினோம். தேர்வெழுதித் தேறினாள்.

மூணாற்று மாணவன் திருப்பூருக்குப் பின்னலாடை வேலைக்குப் போய்விட்டான். இருமுறை பேசினேன். அடுத்த திங்கள் வருகிறேன் என்றான். பிறகு அந்த எண் வேறொருவருக்கு உரியதாகிவிட்டது. அவனுடைய மேல்நிலைத் தேர்வுச் சான்றிதழ், நான் ஓய்வு பெற்ற நாளிலும், கல்லூரி அலுவலகத்து அலமாரியில்தான் இருந்தது.